குறட்டை

அன்று இரவு பத்தே முக்கால் மணி இருக்கும். டியூட்டி முடிந்து வந்ததும் அண்ணிக்குப் போன் செய்தேன், அண்ணனின் முதுகுவலி எப்படி இருக்கிறது என்று கேட்க. அவர் பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து ஒரு குறட்டைச் சத்தம் வந்தது. கனமான, இழுத்து இழுத்து விடும் குறட்டை. "கேக்குதா தம்பி? ரெண்டு வாரத்துல இன்னைக்குத்தான் அடிச்சுப்போட்ட மாதிரி தூங்குறார்" என்றார் அண்ணி. குரலில் அத்தனை நிம்மதி.

"தூங்கட்டும் அண்ணி, எழுப்பாதீங்க" என்றேன்.

நான் மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவன். ஆளைத் தூங்க வைத்து, மூச்சை நிறுத்தி, அவருக்காக நானே மூச்சு விட்டு, வேலை முடிந்ததும் எழுப்பி அனுப்புவதுதான் என் பிழைப்பு. அதே குறட்டையை ஆபரேஷன் தியேட்டரில் கேட்டிருந்தால் அடுத்த நொடி என் கை அவர் தாடையைத் தூக்கிப் பிடித்திருக்கும். போனில் கேட்டேன், தூங்கட்டும் என்று சொன்னேன். இதை எழுத இரண்டு வருஷம் தள்ளிப்போட்டதற்குக் காரணம் அதுதான்.

அண்ணனுக்கு முதுகெலும்பில் ஆபரேஷன் நடந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. மெதுவாகக் கரையும் வகை மார்ஃபின் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார்கள், 12 மணி நேரத்துக்கு ஒன்று. அன்று சாயங்காலம் வலி தாங்கவில்லை. ஒன்று போட்டார். கொஞ்ச நேரம் பார்த்தார், வலி போகவில்லை, இன்னொன்று போட்டார். அப்புறம் இன்னொன்று. எப்போதோ வாங்கி வைத்திருந்த தூக்க மாத்திரையும் சேர்ந்துகொண்டது. அவர் போதைக்காகப் போடவில்லை, சாகவும் நினைக்கவில்லை. வலி போக வேண்டும், தூங்க வேண்டும், அவ்வளவுதான். மெதுவாகக் கரையும் மாத்திரை போட்டவுடன் முழுசாக வேலை செய்யாது. செய்யவில்லையே என்று அடுத்ததைப் போட்டால் எல்லாம் சேர்ந்து ஆள் தூங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் உச்சத்துக்கு வரும். ஓபியாய்டோடு, அதாவது மார்ஃபின் வகை வலி மருந்தோடு, தூக்க மாத்திரையும் சேர்ந்தால் ஒன்றும் ஒன்றும் இரண்டோடு நிற்பதில்லை.

மார்ஃபின் என்ற பெயரே கிரேக்கர்களின் கனவுக் கடவுளான மார்ஃபியஸிடமிருந்து வந்தது. ஏமாற்று அந்தப் பெயரிலேயே தொடங்கிவிடுகிறது. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அது தூக்கம் போலவே இருக்கும்.

மார்ஃபின் வகையைச் சேர்ந்த ஃபென்டனில் என்ற மருந்தைக் கொடுத்த சில நிமிடங்களில் தியேட்டரில் ஒரு விசித்திரத்தைப் பார்க்கலாம். நோயாளி கண் விழித்திருப்பார். பேர் என்ன என்று கேட்டால் சொல்வார். ஆனால் மூச்சு விட மாட்டார். "மூச்சை இழுங்க" என்றால் இழுப்பார். சொல்லாவிட்டால் அப்படியே கிடப்பார், முகத்தில் எந்தத் தவிப்பும் இல்லாமல். மூச்சு விட வேண்டும் என்பதே அவருக்கு மறந்துவிட்டிருக்கும். பயிற்சிக் காலத்தில் முதன்முதலில் இதைப் பார்த்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. மூச்சு முட்டினால் யாரும் திணறுவார்கள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

இதற்குக் காரணம் எளியதுதான். மூச்சை அடக்கிப் பாருங்கள். ஒரு நிமிடத்துக்குள் நெஞ்சு முட்டும். ஆக்சிஜன் தீர்ந்ததால் அல்ல, ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறியதால். அந்த ஏற்றத்தைக் கவனித்து "இழு" என்று உத்தரவிடும் இடங்கள் மூளைத்தண்டில் இருக்கின்றன. மூச்சின் தாளத்தைப் போடுவது முகுளத்தில் உள்ள சில ஆயிரம் நரம்பணுக்களின் கூட்டம். அதற்கு ப்ரீ-பாட்சிங்கர் என்று பெயர், 1991-இல் அடையாளம் கண்டார்கள். (பக்கத்தில் இருக்கும் பாட்சிங்கர் பகுதிக்கு ஒரு ஜெர்மன் ஒயினின் பெயரை வைத்தார்கள். உயிர் மூச்சு ஒயின் பாட்டிலுக்குப் பக்கத்து வீட்டில் குடியிருக்கிறது.) வலியை அடக்குகிற அதே மியூ ஏற்பிகள் (மருந்து வந்து உட்காரும் இடங்கள்) இந்த அணுக்களிலும் இருக்கின்றன. மருந்துக்கு வலி நரம்பு எது, மூச்சு நரம்பு எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது.

சாதாரணக் குறட்டையில் நாக்கு பின்னால் சரிந்து வழி அடைத்தால் கார்பன் டை ஆக்சைடு ஏறும், மூளை ஆளை அரைகுறையாக உசுப்பும், புரண்டு படுப்பார். அண்ணனின் குறட்டையில் உசுப்ப வேண்டிய காவலாளியும் தூங்கிக்கொண்டிருந்தான். வித்தியாசம் அவ்வளவுதான். காதில் விழும் சத்தம் ஒன்றேதான்.

அண்ணிக்கு விடிகாலை நான்கு மணிக்கு விழிப்பு வந்தது, சத்தம் நின்றுபோனதால். விளக்கைப் போட்டால் உதடு கருநீலம். தலையணையில் வாந்தி. கண்ணின் கருமணி குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கியிருந்ததாக ஆம்புலன்ஸ்காரர்கள் பிறகு எழுதியிருந்தார்கள். அவசர எண்ணுக்கு அண்ணி போன் செய்ய, மறுமுனையில் இருந்தவர் ஒவ்வொரு வரியாகச் சொல்லிக் கொடுத்தார். வாயைத் துடையுங்கள், தலையைப் பின்னால் சாயுங்கள், மூக்கைப் பொத்துங்கள், வாயோடு வாய் வைத்து ஊதுங்கள், நெஞ்சு எழும்புகிறதா பாருங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை அண்ணி ஊதினார். அவர்கள் வந்து எண்ணியபோது அண்ணன் தானாக விட்ட மூச்சு நிமிடத்துக்கு நான்கு. நமக்கெல்லாம் 12-இலிருந்து 20 வரை இருக்கும்.

நலாக்சோன் ஊசி போட்டார்கள். 1961-இல் காப்புரிமை பெற்று, 1971-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து. ஏற்பியில் உட்கார்ந்திருக்கும் ஓபியாய்டைத் தள்ளிவிட்டு அந்த நாற்காலியில் தான் உட்கார்ந்துகொள்ளும், ஆனால் எந்த வேலையும் செய்யாது. ஓரிரு நிமிடத்தில் ஆள் எழுந்துவிடுவார். எத்தனை முறை பார்த்தாலும் மந்திரம் மாதிரிதான் இருக்கும். நான் அவசரப் பிரிவுக்கு ஓடிப் போனபோது அண்ணன் கண்ணைத் திறந்து, "என்னடா, நீ ஏன் இங்க வந்த? எனக்கு ஒண்ணும் இல்ல, வீட்டுக்குப் போலாம்" என்றார். அண்ணி அழுதுகொண்டே சிரித்தார். எல்லாம் முடிந்தது என்றே நானும் ஒரு கணம் நினைத்தேன்.

இங்கேதான் பலர் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள்.

நலாக்சோன் உடம்பில் வேலை செய்வது 30 நிமிடத்திலிருந்து 90 நிமிடம் வரை. அண்ணன் விழுங்கியது 12 மணி நேரத்துக்கான மாத்திரை. நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்து போனதும் பழைய ஆள் திரும்ப வந்து உட்காருவார். நாற்பது நிமிடத்தில் அண்ணன் பேச்சை நடுவில் நிறுத்திவிட்டுக் கண்ணை மூடினார். மறுபடி ஊசி, அப்புறம் ட்ரிப்பாகவே ஏற்றினார்கள். அதை எதிர்பார்த்திருந்தோம். எதிர்பார்க்காதது, ஆறரை மணிவாக்கில் அவர் இருமியபோது வாயோரம் வந்த நுரை. இளஞ்சிவப்பு நிறம்.

"ரத்தமா தம்பி?" என்றார் அண்ணி.

ரத்தம் அல்ல, ரத்தத்திலிருந்து கசிந்த நீர். நுரையீரலில் கோடிக்கணக்கான காற்றுப்பைகள் இருக்கின்றன, நாற்பது கோடிக்கும் மேல் என்று ஒரு கணக்கு. காற்றுக்கும் ரத்தத்துக்கும் நடுவே இருக்கும் சுவரின் கனம் ஒரு மைக்ரான்கூட வராத இடங்கள் உண்டு. அந்தச் சுவர் ஒழுக ஆரம்பித்தால் பைகளில் காற்றுக்குப் பதில் நீர் நிற்கும், மூச்சு அதைக் கடைந்து நுரையாக்கும். வழக்கமாக இப்படி நீர் கோப்பது இதயம் பலவீனமானவர்களுக்கு. அண்ணனின் இதயம் எக்கோவில் கல் மாதிரி இருந்தது. மார்ஃபின் நஞ்சில் இறந்த ஒருவரின் நுரையீரலில் நீர் கோத்திருந்ததை வில்லியம் ஆஸ்லர் என்ற மருத்துவர் 1880-லேயே பிரேதப் பரிசோதனையில் பார்த்து எழுதியிருக்கிறார்.

இவ்வளவு காலமாகியும் ஏன் ஒழுகுகிறது என்பதில் மருத்துவர்கள் ஒரே முடிவுக்கு வரவில்லை. நீண்ட நேரம் ஆக்சிஜன் இல்லாமல் நுண்குழாய்களின் சுவர் கெட்டுப்போகிறது என்பது ஒரு கட்சி. அடைத்த தொண்டைக்கு எதிராக நெஞ்சு இழுக்க முயலும்போது உள்ளே உருவாகும் வெற்றிடம் நீரை உறிஞ்சி எடுக்கிறது என்பது இன்னொன்று. அப்படியானால் நான் போனில் கேட்டது வெறும் சத்தம் அல்ல, நுரையீரல் தன்னைத்தானே உறிஞ்சிக்கொண்டிருந்த சத்தம். நலாக்சோன் திடீரென்று எழுப்பும்போது பொங்கும் அட்ரினலினும் காரணம் என்பாரும் உண்டு. அதற்காக யாரும் நலாக்சோனைக் கொடுக்காமல் இருந்துவிடக் கூடாது. மூச்சே இல்லாதவருக்கு நுரையீரல் நீரைப் பற்றிக் கவலைப்பட அவகாசமில்லை. பெரும்பாலும் இந்த நீர் ஓரிரு நாளில் வற்றிவிடும். அண்ணனுக்கு அது மட்டும் இருந்திருந்தால் வியாழக்கிழமை வீட்டுக்கு வந்திருப்பார்.

எக்ஸ்ரேயில் வலது பக்கம் கீழே வெள்ளையாக ஒரு திட்டு இருந்தது. தலையணையில் பார்த்த வாந்தி முழுவதும் வெளியே வந்திருக்கவில்லை.

புரையேறுவது நமக்குப் பழக்கமான விஷயம். ஒரு சொட்டுத் தண்ணீர் தவறான வழியில் போனால் உடம்பே குலுங்கும், கண்ணில் நீர் வரும், இருமி இருமித் துப்பிவிடுவோம். அந்த இருமல்தான் நுரையீரலின் வாசல் காவல். ஓபியாய்டு அதையும் அணைத்துவிடும். ஹெராயினை பேயர் நிறுவனம் 1898-இல் கடைக்குக் கொண்டுவந்தது இருமல் மருந்தாகத்தான். நன்றாகவே வேலை செய்தது. இருமல் நிற்பது நல்ல விஷயம் என்று நினைத்த காலம் அது. அமிலம் கலந்த வயிற்றுச் சரக்கு மூச்சுக்குழாயில் இறங்கும்போதுகூட இருமல் வராமல் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு என் அண்ணனின் எக்ஸ்ரே சாட்சி. வலது மூச்சுக்குழாய் இடதைவிட அகலம், செங்குத்து. அதனால் சரக்கு பெரும்பாலும் வலப்பக்கம் போகும்.

கர்டிஸ் மெண்டல்சன் என்ற மகப்பேறு மருத்துவர் 1946-இல் எழுதிய கட்டுரையை மயக்க மருந்து படிக்கிற ஒவ்வொருவரும் கேள்விப்பட்டிருப்போம். 44,016 பிரசவங்களைப் பார்த்து, மயக்கத்தில் வயிற்றுச் சரக்கு நுரையீரலுக்குப் போன 66 பேரைக் கணக்கெடுத்திருந்தார். முயல்களின் நுரையீரலில் அமிலத்தை விட்டுப் பார்த்து, கெடுதல் செய்வது அமிலம்தான் என்று காட்டினார். முதல் நாள் நடப்பது கிருமித் தொற்றே அல்ல, உள்ளே வெந்துபோவது. வெந்த இடத்தில் கிருமி குடியேறுவது இரண்டு மூன்று நாள் கழித்து. ஆபரேஷனுக்கு முன்னால் எதுவும் சாப்பிடக்கூடாது என்று நாங்கள் நச்சரிப்பது இதற்காகத்தான். அந்த விதியைத் தினமும் பத்துப் பேரிடம் சொல்கிறவன் நான்.

இரண்டாவது நாள் ராத்திரி வலது பக்கத் திட்டு இடது பக்கமும் பரவியது. மாஸ்க்கில் முழு ஆக்சிஜன் கொடுத்தும் ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 84 சதவீதத்துக்கு மேல் ஏறவில்லை. ட்யூப் போட்டு வென்டிலேட்டரில் இணைத்தார்கள். இதற்கு ஏஆர்டிஎஸ் என்று பெயர், கடும் மூச்சுத் திணறல் நோய். பெயர் பெரிசு, நடப்பது ஒன்றுதான். அழற்சி நுரையீரல் முழுவதும் பரவி, சுவர் எல்லா இடத்திலும் ஒழுகி, பஞ்சு மாதிரி இருந்தது ஈரல் மாதிரி ஆகிவிடும்.

அண்ணிக்கு விளக்குவதற்காகச் சொன்ன ஒன்று இப்போதும் நினைவிருக்கிறது. ஐம்பத்துநான்கு வயது மனிதரின் நெஞ்சுக்குள் காற்று போகக்கூடியதாக மிச்சமிருப்பது ஐந்தாறு வயதுக் குழந்தையின் நுரையீரல் அளவுதான். மருத்துவத்தில் இதற்குக் 'குழந்தை நுரையீரல்' என்றே பெயர். அதில் பெரியவருக்கான காற்றை அடித்தால் கிழிந்துவிடும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாக, உயரத்தை வைத்துக் கணக்கிட்ட எடையில் கிலோவுக்கு 6 மில்லிலிட்டர். 2000-ஆம் ஆண்டு வந்த பெரிய ஆய்வில் கிலோவுக்கு 12 என்று ஊதியவர்களில் 39.8 சதவீதம் பேர் இறந்தார்கள், 6 என்று ஊதியவர்களில் 31 சதவீதம். மருந்தே மாறவில்லை. குறைவாக ஊதினார்கள், அவ்வளவுதான். என் தொழிலில் எனக்குப் பிடித்த ஆய்வு இது. அதிகமாகச் செய்வது எப்போதும் நல்லது என்ற நம்பிக்கையை உடைத்தது.

அப்புறம் குப்புறப் போட்டார்கள். ஐந்தாறு பேர் சேர்ந்து, ட்யூப் ஒருவர் கையில், ஊசி வழிகள் ஒருவர் கையில், ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணிப் புரட்ட வேண்டும். தினம் 16 மணி நேரமாவது அப்படியே. மல்லாந்து கிடந்தால் முதுகுப் பக்க நுரையீரல் தன் எடையிலேயே நசுங்கிக் கிடக்கும், கவிழ்த்தால் அது திறக்கும். 2013-இல் வந்த பிரெஞ்சு ஆய்வில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் 32.8 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைந்தார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் வீங்கிய முகத்தோடு அவர் கவிழ்ந்து கிடந்ததைப் பார்த்தபோது எண்கள் எதுவும் உதவவில்லை. "ஏன் தம்பி குப்புறப் போட்டுருக்காங்க?" என்று கேட்ட அண்ணியிடம், "முதுகுத் தையலுக்கும் நல்லதுதான் அண்ணி" என்று உளறினேன்.

வென்டிலேட்டரில் இருந்தபோது அவருக்கு ஓடிய மயக்க மருந்து ஃபென்டனில். மார்ஃபினின் ஒன்றுவிட்ட தம்பி. மெஷின் மூச்சு விடும்போது மூளை மறந்தால் பரவாயில்லை. அது ஓடுகிறது என்பதை அண்ணியிடம் ஆறு மாதம் கழித்துத்தான் சொன்னேன்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு இளைஞன் இருந்தான். மாத்திரையைப் பொடித்துக் கரைத்து நரம்பில் ஏற்றிக்கொண்டவன். மாத்திரையில் மருந்து மட்டும் இருப்பதில்லை. டால்க், செல்லுலோஸ் என்று உருவம் கொடுக்கும் பொடிகள் உண்டு. வயிற்றுக்குப் போனால் பிரச்சினையில்லை. ரத்தத்தில் போனால் முதல் வடிகட்டி நுரையீரல்தான். அங்கே சிக்கி, சுற்றிலும் முடிச்சு கட்டி, வருஷக்கணக்கில் ரத்தக்குழாய்களை இறுக்கும். அழுக்கு ஊசியில் போன கிருமி இதய வால்வில் உட்கார்ந்து துண்டு துண்டாக நுரையீரலுக்குப் பறப்பதும் உண்டு. ரவுண்ட்ஸில் அண்ணனின் கட்டிலில் பத்து நிமிடம் நின்ற குழு, அவன் கட்டிலில் இரண்டு நிமிடம் நின்றது. "டிரக் கேஸ்" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டார்கள். நானும் எத்தனையோ முறை அப்படிச் சொன்னவன்தான். இரண்டு எக்ஸ்ரேயையும் பெயரை மறைத்துக் காட்டியிருந்தால் எது டிரக் கேஸ் என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது. எனக்கு உறைத்தது அண்ணன் அங்கே கிடந்ததால்தான். அதற்கு முன்னால் உறைக்கவில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2019-இல் போதைப் பொருட்களால் இறந்தவர்கள் சுமார் ஆறு லட்சம், அதில் எண்பது சதவீதத்துக்கு நெருக்கமாக ஓபியாய்டு சம்பந்தப்பட்டவை. பிழைத்தவர்கள் அதைவிட எத்தனையோ மடங்கு. அவர்களின் நுரையீரலை யாரும் எண்ணிக்கொண்டிருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

அன்று போனில் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று பலமுறை மனசுக்குள் எழுதிப் பார்த்திருக்கிறேன். அண்ணி, பேர் சொல்லிக் கூப்பிடுங்க. தோளைப் பிடிச்சு உலுக்குங்க, நெஞ்செலும்பு மேல விரல் முட்டியால அழுத்தித் தேயுங்க. எழுந்து திட்டினா நல்லது. எழலைன்னா மூச்சை எண்ணுங்க, உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க. நலாக்சோன் இருந்தா கொடுங்க. மூச்சு போதலைன்னா வாயோட வாய் வச்சு ஊதுங்க. மூச்சு ஓடுதுன்னா ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, வாந்தி வந்தா வெளியே ஓடட்டும். தனியா விட்டுட்டுப் போகாதீங்க. எழுந்து உக்கார்ந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்க. சொல்லி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. அதற்குப் பதிலாக மூன்று வார்த்தை சொன்னேன்.

பதினோராவது நாள் ட்யூபை எடுத்தார்கள். எடுப்பதற்கு முன்னால் ஒரு சோதனை உண்டு. "நல்லா இருமுங்க பார்ப்போம்." சளியைத் தானே வெளியே தள்ளும் பலம் இருக்கிறதா என்று பார்க்க. அண்ணன் இருமினார். ஈரமான, பலவீனமான, அசிங்கமான இருமல். பின்னாலேயே இன்னொன்று. பக்கத்தில் நின்ற நர்ஸ் "சூப்பர் சார்" என்றார். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அதோடு சரியாகிவிடவில்லை. குரல் கரகரவென்று ஆகி மாதக் கணக்கில் அப்படியே இருந்தது. கால் தசை கரைந்துபோய், எழுந்து நிற்கவே பிடிமானம் தேவைப்பட்டது. மூன்றாம் மாதப் பரிசோதனையில் காற்று போய் வரும் அளவு ஓரளவு தேறியிருந்தது, ஆனால் ஆக்சிஜன் ரத்தத்துக்குள் கடக்கும் வேகம் தேறவில்லை. ஒரு வருஷத்தில் அதுவும் கொஞ்சம் ஏறியது. மாடிப்படி இன்னும் இரண்டு தவணைதான். முதுகுவலி? இருக்கிறது. இப்போது வேறு மருந்து, குறைந்த அளவு. மாத்திரை டப்பா அண்ணியிடம், பக்கத்திலேயே நலாக்சோன் ஸ்ப்ரே.

அந்த இரவு போனில் என்ன சொன்னேன் என்று அண்ணனிடம் போன வருஷம் ஒப்புக்கொண்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவ கேட்டாளாக்கும் உன் பேச்சை" என்றார். கேட்டார், அதுதான் விஷயம். அதை நான் சொல்லவில்லை.

இப்போதெல்லாம் அண்ணன் குறட்டை விட ஆரம்பித்தால் அண்ணி விடுவதில்லை. உலுக்குவார். அவர் "என்னடி, மனுஷனைத் தூங்க விட மாட்டியா?" என்று கத்துவார். "சரி சரி, தூங்குங்க" என்று அண்ணி விளக்கை அணைப்பார். ஒரு இரவில் நான்கைந்து தடவை.